நாற்பது மீட்டர் கட்டுக்கம்பி

பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பு சேர்ந்தபோது பீம்ராவுக்கு முப்பத்தைந்து வயது. பகலில் வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து உட்காருகிறவர்களுக்கான நான்கு வருட டிப்ளமோ அது. கூடப் படித்த மற்ற எல்லாரும் இருபதுகளில் இருந்தார்கள். நேரில் அண்ணா என்பார்கள், பின்னால் அங்கிள் என்பார்கள். பின்னால் சொன்னது அவருக்குக் கேட்டதில்லை. இடது காது முழுக்கப் போயிருந்தது. வலது காதில் பாதிதான் மிச்சம். அதனால் முதல் பெஞ்சில் இடது ஓரமாக, சுவரை ஒட்டி உட்காருவார். அப்படி உட்கார்ந்தால் பேசுகிற எல்லாரும் வலது பக்கம் இருப்பார்கள்.

ஆனால் யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. காது மந்தமானவரிடம் பேசுவது ஒரு வேலை. ஒரு தடவை சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். 'இன்னிக்கி இன்னா இப்டி வேர்க்குது' என்பதையெல்லாம் யார் மூன்று தடவை சொல்வார்கள்? அவசியமானதை மட்டும் சொன்னார்கள். அவசியமில்லாத பேச்சு நின்றுபோய்விட்டால் ஒரு மனுஷனுக்கு நாளைக்குப் பத்துப் பதினைந்து வாக்கியம்கூடத் தேறாது என்பதை பீம்ராவ் அந்த வருடங்களில் கண்டுகொண்டார்.

பிறந்து வளர்ந்தது புளியந்தோப்பு. இப்போது எர்ணாவூர் குடியிருப்பில் நான்காவது மாடியில் ஒற்றை ஆளாக இருந்தார். அக்கா யசோதரா கல்யாணமாகி வியாசர்பாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. மற்ற ஆறு நாளும் சாத்தாங்காட்டில் சுப்புராஜ் என்பவருடைய சிலிண்டர் கொட்டகை, அது முடிந்தால் பாலிடெக்னிக்.

கொட்டகையில் அவர் செய்தது சோதனை வேலை. வெல்டிங் பட்டறைகளில் நிற்கிற ஆக்ஸிஜன் சிலிண்டர்களைச் சில வருடங்களுக்கு ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும். உள்ளே காற்று துளிகூட இல்லாமல் தண்ணீர் ரொப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் நின்றால் சிலிண்டர் தேறியது. இந்த வேலைக்குக் காது தேவையில்லை. கண் போதும். சோதனை செய்வது பீம்ராவ் என்றாலும், தாளில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட டிப்ளமோ படித்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோவார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பீம்ராவ் படிக்க வந்தார். கையெழுத்துப் போடுகிறவர் 'இது வேணாம், நிறுத்து' என்றால் வேலை நிற்கும். போடாதவர் சொன்னால் நிற்காது.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், படிக்கச் சேர்வதற்கு நான்கு வருடம் முன்னால் மணலி சாலையில் வேறொரு பட்டறையில் அவர் வேலை பார்த்தார். அந்தப் பட்டறை இப்போது இல்லை. அங்கே கம்ப்ரஸர் டாங்கிகள் செய்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஒரு டாங்கியை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. தண்ணீர் ரொப்பிச் சோதிக்க மூன்று மணி நேரம் ஆகும். மேஸ்திரி, காற்றிலேயே பார்த்துவிடலாம் என்றார். பீம்ராவின் சிநேகிதர் மொஹ்சின் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக வெல்டு போட்ட இடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். குமிழி வந்தால் ஓட்டை. பீம்ராவ் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மொஹ்சினு, தண்ணி ரொப்பிடலாமா?"

"லாரிக்காரன் கத்திகினு கீறான் மாமு. தொற, ஒண்ணியும் ஆவாது."

பீம்ராவ் வால்வைத் திறந்தார். டாங்கியின் ஒரு பக்கத் தகடு பிய்த்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பெரியாஸ்பத்திரி. இரண்டு காதிலும் ஒரு சத்தமும் இல்லை. யசோதரா கூடவே இருந்து, கேட்க வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினார். வலிக்குதா. கஞ்சி குடிக்கிறியா. நான்காவது நாள் பீம்ராவ் வாயைத் திறந்து மொஹ்சினைப் பற்றிக் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகக் கேட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யசோதரா எழுதிக் காட்டினார். 'மொஹ்சின் இல்ல.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வலது காது ஆறு மாதத்தில் பாதி திரும்பியது.

கடைசி வருடத்தில், ஜனவரி மாதம், திரவவியல் நடத்திய ரோஸ்மேரி மேடம் வகுப்புக்கு ஒரு செய்முறை கொடுத்தார். பிளாஸ்டிக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சைக்கிள் பம்பால் காற்று ஏற்ற வேண்டும். வாய்ப்பக்கம் கீழே இருக்க, பிடியை விட்டால், காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், பாட்டில் மேலே போகும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உயரம் என்று நான்கு நான்கு பேராகச் சேர்ந்து அளந்து எழுத வேண்டும். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மைதானத்தில் எல்லா அணிகளுக்கும் போட்டி. அதிக உயரம் போகிற ராக்கெட்டுக்குப் பரிசு.

வகுப்பே கைதட்டியது. 'சைக்கிள் பம்பு', 'காற்று' என்ற இரண்டு வார்த்தையும் பீம்ராவின் வலது காதில் தெளிவாக விழுந்தன. அவர் கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய அணியில் அஜின் என்ற பையனும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அஜினுக்கு இருபத்திரண்டு வயது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் பைப் கடை வைத்திருக்கிற குடும்பம். கெட்ட பையன் இல்லை. கடையிலிருந்து பிவிசி பைப்பும் வளையங்களும் கொண்டுவந்து ஒரே சாயங்காலத்தில் ஏவுதளத்தை அவனே செய்துவிட்டான். பாட்டில் கழுத்தைக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டைகள் கவ்விப் பிடிக்கும். மேலே ஒரு வளையம் அவற்றை இறுக்கிக்கொண்டிருக்கும். வளையத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் பிடி விட்டுவிடும்.

"ஞாயித்துக்கெழம போயி ட்ரயல் பாத்துருவோம்ணே," என்றான்.

"பாட்டிலுக்கு மொதல்ல டெஸ்ட் போடணும்," என்றார் பீம்ராவ்.

"என்னது?"

"ஃபுல்லா தண்ணி ரொப்பி, நம்ம ஏத்தப்போற பிரஷர்ல ஒண்ணர மடங்கு ஏத்திப் பாக்கணும். தாங்குச்சின்னாதான் காத்து ஏத்தலாம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்காண்ணே?" என்று அஜின் கேட்டான். சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா. ஒவ்வொரு பாட்டிலுக்கும்."

பீம்ராவ் கொட்டகையில் இருந்த கைப்பம்பில் ஒரு சின்ன இணைப்பு செய்து பதினான்கு பாட்டில்களைச் சோதித்தார். பதினொன்று எட்டுக் கிலோ அழுத்தம் தாங்கின. இரண்டில் முள் மெதுவாக இறங்கியது. ஒன்று ஆறிலேயே பக்கவாட்டில் கிழிந்தது. கிழிந்தபோது அவர் சட்டை நனைந்தது, அவ்வளவுதான். தண்ணீர் அமுங்குவதில்லை. அதனால் உடையும்போது சீறிப் பாய அதற்குள் ஒன்றும் சேர்ந்திருக்காது. பீம்ராவ் அந்தக் கிழிந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதில் சைக்கிள் பம்பால் காற்று ஏற்றியிருந்தால் யாரோ ஒருவருடைய முகத்துக்கு நேராக வெடித்திருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சடையங்குப்பத்துப் பக்கம் ஒரு காலி நிலத்துக்குப் போனார்கள். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற இடம். ஜனவரி கடைசியில் வற்றி, சேறு காய்ந்து வெடித்திருந்தது. தூரத்தில் மணலி புகைபோக்கிகள். பீம்ராவ் ஒவ்வொரு தடவையும் பாட்டில் வாயில் காற்று கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் வளையத்தைத் துடைத்தார், ரப்பர் குழாயை நீட்டிப் பத்து மீட்டர் தள்ளி நின்றுதான் பம்பு அடிக்க விட்டார், காற்றேற்றிய பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவரையும் போக விடவில்லை. மூன்று மணி நேரத்தில் நான்கு ராக்கெட்தான் விட முடிந்தது. பக்கத்து அணி அதே காலையில் திருவொற்றியூர் கடற்கரையில் முப்பது விட்டதாக போனில் படம் வந்தது.

அடுத்த ஞாயிறு அஜின் மட்டும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு அவனும் வரவில்லை. 'கடைல சரக்கு எறங்குதுண்ணே. நீங்க பாருங்க' என்று செய்தி அனுப்பியிருந்தான்.

தனியாக இந்தச் செய்முறையைச் செய்ய முடியாது. அதுதான் அதில் இருந்த சிக்கல். ஒருவர் ஏவுதளத்துப் பக்கம் கயிற்றை இழுக்க வேண்டும். இன்னொருவர் நாற்பது மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் உறிஞ்சுகுழலைக் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, ராக்கெட்டைக் கண்ணால் தொடர்ந்து, உச்சியில் அது நிற்கும் கணத்தில் நூலை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கோணத்தை வைத்துத்தான் உயரம் கணக்கிட முடியும். விடுகிறவருக்கு உயரம் தெரியாது, அளக்கிறவர் விட முடியாது.

பீம்ராவ் காசிமேட்டில் மீன்பிடி நைலான் நரம்பு வாங்கி, ஏவுதளத்திலிருந்து நாற்பது மீட்டர் இழுத்துக்கட்டிப் பார்த்தார். நைலான் நீண்டது. இழுக்க இழுக்க நீண்டு, கடைசியில் ஒரேயடியாக வெட்டி இழுத்ததில் ஏவுதளம் சாய்ந்து, ராக்கெட் தரையோடு போய்க் கருவேல முள்ளில் செருகிக்கொண்டது. பிறகு இரும்புச் சந்தையில் கட்டுக்கம்பி வாங்கினார். கட்டடக்காரர்கள் கம்பி கட்டப் பயன்படுத்துகிற மெல்லிய கம்பி. அது நீளாது. தரையில் பத்தடிக்கு ஒரு வளைய ஆணி அடித்து, வளையங்களுக்குள் கம்பியைக் கோத்து வந்தார். ஆனால் கோணமானிக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கம்பியின் இந்த முனையைத் தன் வலது காலில், கணுக்காலுக்கு மேலே துணி சுற்றிக் கட்டிக்கொண்டார். காலைப் பின்னால் இழுத்தால் நாற்பது மீட்டர் தள்ளி ராக்கெட் கிளம்பும்.

கிளம்பியது.

ராக்கெட் கிளம்புகிற சத்தம் அவருக்குக் கேட்காது. எங்காவது காற்று கசிகிறதா என்பதும் கேட்காது. சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார், இல்லாவிட்டால் நனைத்த உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துக் குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்ப்பார், அதுவும் காற்று ஒரு கிலோவுக்குள் இருக்கும்போது மட்டும். பிறகு ஓடிப்போய்ப் பம்பு, மீட்டரில் ஐந்து வந்ததும் வால்வை அடைத்துவிட்டு நாற்பது மீட்டர் நடை, காலில் கம்பி, கையில் கோணமானி. ஒரு அளவு எடுக்க இருபது நிமிடம். கால் பங்கு தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு, பாதி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை. நாற்பத்தொரு டிகிரி. நாற்பத்துமூன்று. முப்பத்தாறு. மத்தியான வெயிலில் அந்த நிலத்தில் காலில் கம்பி கட்டிய ஒரே ஒரு ஆள் ஆகாயத்தைப் பார்த்தபடி ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டிருப்பதைச் சாலையில் போன கண்டெய்னர் லாரி டிரைவர்கள் பார்த்திருக்கலாம். ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அக்கா போனில் பேசினால் பீம்ராவுக்குப் புரியாது, யசோதராவுக்கு போனில் எழுதப் பொறுமை கிடையாது. நான்காவது ஞாயிறு அவரே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூர் வந்து, பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, சடையங்குப்பத்தில் இறங்கி வரப்பு வழியே நடந்து வந்தார். பீம்ராவ் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். வலது தோளில் கை விழுந்ததும் திரும்பினார்.

"காத்து அடிச்சிகினு கீறியா?" யசோதராவின் முகம் வெளுத்திருந்தது.

"தண்ணில டெஸ்ட் போட்ட பாட்டில்தான்க்கா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. உன்ன ஆரு இத்த பண்ணச் சொன்னது?"

"காலேஜ்ல. பரிச்ச மாதிரி."

"கூடப் படிக்கிற பசங்க எங்க?"

யசோதரா நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆணிகளில் கோத்துக் கிடந்த கம்பியைக் கண்ணால் தொடர்ந்து போய், அது முடிகிற இடத்தில் கிடந்த பழந்துணிச் சுற்றைப் பார்த்தார். கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார்.

"நான் இன்னா புடிக்கணும்?"

பீம்ராவ் கோணமானியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். குழல் வழியாகப் பார், பாட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்காதே, மேலே போய் நின்றதும் நூலை அமுக்கு. முதல் தடவை ராக்கெட் கிளம்பியதும் யசோதரா குழலையே மறந்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். "அம்மாடி! எம்மாந் தூரம் போவுது!" என்றார். நூல் எங்கே நின்றது என்று தெரியவில்லை. அதை நினைத்து அவரே சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை சரியாகப் பிடித்தார். நாற்பத்துமூன்று. பீம்ராவ் தனியாக எடுத்த அளவும் அதுதான்.

கருவேல நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாட்டுக்கறி வறுவலும் சோறும். வரப்பு குறுகலாக இருந்ததால் யசோதரா அவருடைய இடது பக்கம் உட்கார வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடிக்கிற சமயத்தில், இலையைப் பார்த்துக்கொண்டே பீம்ராவ் சொன்னார்.

"அன்னிக்கி வால்வத் தொறந்தது நான்தான்க்கா."

எட்டு வருடத்தில் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்கள் மேஸ்திரியைத்தான் கேட்டார்கள். யார் கை வால்வில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யசோதரா உடனே திரும்பவில்லை. புகைபோக்கிகள் பக்கமாகப் பார்த்தபடி ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். உதடு அசைவதை ஓரக்கண்ணால் பீம்ராவ் பார்த்தார். காதில் ஒன்றும் விழவில்லை. இடது பக்கம். இன்னொரு தடவை சொல் என்று கேட்கலாம். அக்கா சொல்வார், உரக்கவே சொல்வார். ஆனால் ஒருமுறை சொன்னதைப் போல இரண்டாவது தடவை இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை. யசோதரா கேரியரை அடுக்கி, அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தார்.

போட்டி அன்று மைதானத்தில் ஒன்பது அணிகள் இருந்தன. அஜினும் மற்ற இருவரும் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பீம்ராவுக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தான் அஜின். அளவு சின்னது, இருந்தாலும் போட்டுக்கொண்டார். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு. முதல் தடவை ஐந்து கிலோவில் அவர்களுடைய ராக்கெட் முப்பத்தெட்டு மீட்டர் போனது. அதற்குப் பிறகு வந்த அணி மீட்டரே பார்க்காமல் பம்பு அடித்து அறுபதைத் தொட்டது. மைதானம் கத்தியது. பீம்ராவுக்கு அது ஒரு இரைச்சலாக மட்டும் கேட்டது.

"அண்ணே, எட்டு ஏத்துவோம்," என்றான் அஜின், வலது காதுக்குப் பக்கத்தில் வந்து. "நீங்கதான எட்டுல டெஸ்ட் போட்டீங்க. தாங்குச்சுல்ல?"

"தாங்குனது தண்ணில. புதுசுல. இது இருவது தபா மேல போயி கீழ வுழுந்த பாட்டிலு."

"அவனுங்களுது ஒண்ணும் ஆவலயே."

"ஆவல. ஆவும்போது தெரியும்."

அஜின் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஐந்தோடு நிறுத்துவான் என்று பீம்ராவ் நம்பிவிட்டார். தண்ணீர் ஊற்றி, பாட்டிலை மாட்டி, அளக்கிற இடத்துக்கு நடந்து போய்த் திரும்பிப் பார்த்தபோது அஜின் இன்னும் பம்பை மிதித்துக்கொண்டிருந்தான். மீட்டர் இங்கிருந்து தெரியாது. மிதிப்பதைப் பார்த்தாலே தெரிந்தது. கால் கனமாக இறங்கி, மெதுவாக எழும்பியது. பார்க்க வந்த மாணவர்கள் தடுப்புக் கயிற்றைத் தாண்டி நெருங்கி நின்றார்கள். ஒரு பெண் குனிந்து போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். குந்தினாற்போல்.

பீம்ராவ் ஓடினார். ஓடும்போது கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்குத் தெரியாது. பிறகு மற்றவர்கள் சொன்னது, 'மொஹ்சினு, எந்திரி' என்று கத்தினாராம். பம்புக்குப் பக்கத்தில் இருந்த, காற்றை வெளியே விடுகிற வால்வைத் திருகினார். ஏழரையில் நின்ற முள் சரசரவென்று சுழியத்துக்கு வந்தது. பாட்டில் அப்படியே ஏவுதளத்தில் உட்கார்ந்திருந்தது.

பிறகு யாரோ விசிலடித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் எழுந்து, படம் வீணாகிவிட்டது என்பதைப் போல போனைப் பார்த்தாள். நடுவர் மேசையில் அவர்கள் அணிக்கு இரண்டாவது வாய்ப்பு 'ஏவவில்லை' என்று எழுதப்பட்டது.

"எல்லாத்தயும் நீங்க தனியாவே பண்ணியிருக்கலாம்லண்ணே," என்றான் அஜின். கண் சிவந்திருந்தது. "எதுக்கு எங்க பேரு?"

அன்று மைதானத்தில் ஒரு பாட்டிலும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் அவர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். வெடிக்கவில்லையே என்று அவர் ஒரு கணமும் வருத்தப்படவில்லை, ஆனால் டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து அஜினின் பைமேல் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது வழி மிக நீளமாக இருந்தது. அவர்கள் அணிக்கு ஐந்தாவது இடம்.

திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. ரோஸ்மேரி மேடம் செய்முறை ஏட்டைப் புரட்டினார். பாட்டில் எண், தண்ணீரில் ஏற்றிய அழுத்தம், தேறியது, தேறவில்லை என்று முதல் மூன்று பக்கம் இருந்தது. அதற்குப் பிறகுதான் உயரம். ஒரு படமும் இருந்தது. ஏவுதளம், ஆணிகள், கம்பி, அதன் முனையில் ஒரு கால்.

"இந்த அளவெல்லாம் யார் எடுத்தது?"

"நான்தான் மேடம். ஒண்ணு எங்கக்கா எடுத்தாங்க."

"மத்த மூணு பேர் என்ன பண்ணாங்க?"

பீம்ராவ் யோசித்தார். "ஏவுதளம் அஜின் பண்ணது மேடம். பாட்டிலயும் அவங்கதான் குடிச்சிக் காலி பண்ணிக் குடுத்தாங்க."

ரோஸ்மேரி மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி அவருடைய வலது பக்கம் வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சனிக்கிழமை ஏன் நிறுத்தினீங்க? சொல்லுங்க. நேரம் இருக்கு."

பீம்ராவ் சொன்னார். மணலி சாலைப் பட்டறை, லாரி, சோப்புத் தண்ணீர். வால்வில் இருந்தது தன் கை என்பதையும் சொன்னார். இந்த முறை அதைச் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. முடிந்ததும் மேடம், "முதல் மூணு பக்கத்துல இருக்கற சோதனையை எப்படிச் செய்யணும்னு தனியா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பீம்ராவ் எழுதிக் கொடுத்தார்.

ஜூனில் தேர்வு முடிவு வந்தது. பீம்ராவ் தேறியிருந்தார். சுப்புராஜ் கொட்டகையில் பகலிலேயே எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்டு முதல் 'சோதித்தவர்' என்ற இடத்தில் பீம்ராவின் கையெழுத்து. முதல் வாரமே ஒரு வாடிக்கைக்காரர் அவசரமாகக் கேட்ட நான்கு சிலிண்டர்களில் ஒன்றை அவர் வேண்டாம் என்றார். வாடிக்கைக்காரர் கத்தினார். சிலிண்டர் நின்றது.

சான்றிதழ் வாங்க பாலிடெக்னிக்குக்குப் போனது அடுத்த பிப்ரவரியில்தான். தாழ்வாரத்துப் பலகையில் அந்த வருடத்து ராக்கெட் செய்முறைக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் முழுவதும் தண்ணீர் நிரப்பி, ஏவும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் சோதிக்க வேண்டும். சோதித்த விவரம் இல்லாத அணி போட்டியில் கலந்துகொள்ள முடியாது.' கீழே துறைத்தலைவர் கையெழுத்து. வாக்கியங்கள் ரோஸ்மேரி மேடத்துக்கு பீம்ராவ் எழுதிக் கொடுத்தவை. ஓரிரண்டு சொல்தான் மாற்றியிருந்தார்கள். அவர் பெயர் எங்கேயும் இல்லை. இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மாலை வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலிமேல் நாற்காலி கவிழ்த்து வைத்த வகுப்பறைகள் மட்டும் இருந்தன. போனில் படமெடுத்தார். யாருக்கு அனுப்புவது என்று கொஞ்ச நேரம் பெயர்களைத் தள்ளிப் பார்த்தார். அஜினுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குக் கீழே, 'நல்லாருக்கீங்களாண்ணே' என்று எழுதியிருந்தான்.

'நல்லா கீறேன்' என்று பீம்ராவ் பதில் போட்டார்.

சடையங்குப்பத்து நிலம் அந்த வருடமும் பிப்ரவரிக்குள் காய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே பீம்ராவ் அங்கே போனார். எழுத ஏடு இல்லை, அளக்க வேண்டியதும் இல்லை. சோதித்த பாட்டில் ஒன்று, ஐந்து கிலோ. பத்து மீட்டர் தள்ளி நின்று கையாலேயே இழுத்தார். போன வருடம் குழல் வழியாகப் பார்த்ததில், உச்சியில் நூலை அமுக்கியதும் அவர் குனிந்து டிகிரியைப் படிக்கப் போய்விடுவார். பாட்டில் இறங்குவதை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மேலே போய் நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் வெயிலில் பளிச்சென்று சிதற, பாட்டில் காற்றில் புரண்டு புரண்டு, அவசரமே இல்லாமல் கீழே வந்துகொண்டிருந்தது.